கருப்பட்டி சுக்குச் சுருள் பிரெட்: நெல்லை வெயிலுக்கு ஏற்ற முழு வழிகாட்டி

மாவில் பூரணம் தடவிச் சுருட்டிச் சுடுகிற சுருள் பிரெட் நன்றாக வந்திருக்கிறதா என்பது வெட்டிப் பார்க்கும் வரை தெரியாது. மேலே பொன்னிறமாகக் கும்மென்று எழும்பி நிற்கும். கத்தியை வைத்து அறுத்தால் உள்ளே விரல் நுழையும் அளவுக்குப் பொந்து. துண்டைக் கையில் எடுத்தால் மேல்தோல் தனியாகவும் நடுச்சுருள் தனியாகவும் கழன்று விழும். பூரணம் அடியில் இறங்கி டின்னோடு ஒட்டிக் கருகியிருக்கும். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பாதிக்கு மேல் குளிர்நாட்டு அடுப்படியை நினைத்து எழுதியவை: பட்டைத்தூள், பழுப்புச் சீனி, உருக்கிய வெண்ணெய், "கதகதப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள்". பாளையங்கோட்டையில் சித்திரை மாதம் கதகதப்பான இடத்தைத் தேட வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரம் வைத்தால் மாவு புளித்து, பாத்திரத்தை விட்டு வெளியே வந்துவிடும்.

ஆகவே இது நம் பக்கத்து வெயிலுக்கும், நம் கடை மைதாவுக்கும், உள்ளே கருப்பட்டி வைப்பதற்கும் ஏற்ப எழுதிய முறை. ஒரு பிரெட்டுக்கு எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் ஆகும். அதில் கை வேலை ஒரு மணி நேரம்தான்.

கருப்பட்டியை முதலில் கவனியுங்கள்

உடன்குடிக் கருப்பட்டி என்று கேட்டு வாங்குவது நம் ஊர் வழக்கம். உடன்குடி இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம். 1986-இல் மாவட்டம் பிரியும் வரை அதுவும் திருநெல்வேலிதான். தேரி என்கிற செம்மணல் மேட்டில் நிற்கும் பனைகளில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி ஆறவைத்து எடுப்பதால்தான் கருப்பட்டிக்கு அந்த அரைவட்ட வடிவம். பதநீர் இறக்கும் கலயத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். தடவாவிட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட் புகுந்து, அதே பதநீர் கள்ளாகிவிடும். ஒரு காலத்தில் ஆப்ப மாவையும் ரொட்டி மாவையும் பொங்க வைக்க அந்தக் கள்ளைத்தான் ஊற்றினார்கள். இப்போது தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. பொட்டல ஈஸ்டோடு வேலையை முடித்துக்கொள்வோம்.

சீனியைத் தூளாகத் தூவுவது போல் கருப்பட்டியைத் தூவ முடியாது. அதற்கு இரண்டு காரணங்கள். நல்ல கருப்பட்டியிலும் மண், ஓலைத் துணுக்கு, நார் இருக்கும். கரைத்து வடிகட்டாமல் போட்டால் வாயில் நறநறக்கும். இன்னொன்று, கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தூளாக்கிச் சுருட்டினால், மாவு இரண்டாம் முறை பொங்குகிற நேரத்துக்குள் உள்ளேயே கசிந்து பாகாகிவிடும். பாகு இருக்கும் இடத்தில் மாவும் மாவும் ஒட்டாது. ஒட்டாத இடத்தில் அடுப்புச் சூட்டில் நீராவி கிளம்பி, மேல் மடிப்பைத் தூக்கிப் பொந்தாக்கிவிடும். சுருள் பிரெட்டின் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஓரிடத்தில்தான் தொடங்குகின்றன.

அதனால் கருப்பட்டியைக் கரைத்து, வடித்து, கொஞ்சம் மாவு சேர்த்துக் கிளறி, தடவுகிற பதத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். கொப்பரைத் துருவலை வறுத்துச் சேர்த்தால் மிச்ச ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். பச்சைத் தேங்காய் வேண்டாம். சூட்டில் பால் விட்டு மறுபடி ஈரமாக்கிவிடும்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. சீனி கலந்த கருப்பட்டி கடைகளில் நிறைய ஓடுகிறது. கரைத்துக் காய்ச்சும்போது பனையின் அந்தப் புகை வாசம் எழும்பாமல் வெறும் இனிப்பாக இருந்தால் கலப்படம் என்று சந்தேகப்படலாம். பிரெட்டைப் பொறுத்தவரை சுருளின் பதம் கெடாது, ருசிதான் போகும். சுக்கும் ஏலமும் ஏற்கெனவே சேர்த்த சில்லுக் கருப்பட்டி கிடைத்தால் கீழே சொல்கிற சுக்குத்தூளைப் பாதியாகக் குறையுங்கள்.

மைதா: பரோட்டா மாஸ்டரிடம் கேளுங்கள்

இந்த பிரெட்டுக்கு இழுத்தால் அறுந்துபோகாத மைதா வேண்டும். கேக்குக்கு என்று விற்கிற மென்மையான மைதா உதவாது. பொட்டலத்தின் பின்னால் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று போட்டிருக்கும். 11 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. சில்லறையாக வாங்குவதென்றால் பரோட்டாக் கடைக்கு மூட்டை போடுகிற கடையில் கேளுங்கள். உருண்டையை விசிறி அடித்து, மேசை தெரிகிற அளவுக்கு மெல்லிய துணிபோல் விரிக்கத் தாங்குகிற மைதா, பிரெட்டுக்கும் தாங்கும். பரோட்டா போடுகிற ஊரில் பிரெட் மாவுக்கு அலைய வேண்டியதே இல்லை என்பது என் கட்சி.

கோதுமைக்குள் இருக்கும் இந்த இழுவைப் புரதத்துக்குப் பெயர் குளூட்டன். அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்தபின் மிஞ்சுகிற சக்கை ரப்பர் மாதிரி இழுபடுமே, அதற்குக் காரணம் இதுதான். அல்வாக்காரர் எடுப்பது மாவுச்சத்தை, நமக்கு வேண்டியது அவர் ஒதுக்குகிற பாகம். தாமிரபரணித் தண்ணீருக்கும் இங்கே வேலை குறைவு. மாவைப் பிசையப் போவது பாலில்.

கோதுமை மாவு கலக்க விரும்புகிறவர்கள் மூன்றில் ஒரு பங்குவரை போகலாம். பால் இரண்டு மேசைக்கரண்டி கூடப் பிடிக்கும், உயரம் கொஞ்சம் குறையும். முழுவதும் கோதுமையில் செய்தால் மெத்தென்று வராது. அது வேறு பிரெட், வேறு முறை.

அளவுகள்

தராசு இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். டம்ளர் கணக்கில் மைதாவை அளந்தால், அமுக்கி எடுப்பதற்கும் தளர எடுப்பதற்கும் 30 கிராம் வித்தியாசம் வந்துவிடும். டின் ஏறக்குறைய 23 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், 6 அல்லது 7 செ.மீ. உயரம் இருக்கட்டும்.

பால்கூழுக்கு: மைதா 20 கிராம், பால் 100 மில்லி.

மாவுக்கு: மைதா 330 கிராம், காய்ச்சி ஆறவைத்த பால் 90 மில்லி, கூடுதலாகக் கைவசம் 20 மில்லி, முட்டை 1, சீனி 40 கிராம், பால் பவுடர் 15 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், உப்பு 6 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 40 கிராம்.

பூரணத்துக்கு: கருப்பட்டி 130 கிராம், தண்ணீர் 60 மில்லி, மைதா 10 கிராம், அதைக் கரைக்க 30 மில்லி தண்ணீர், சுக்குத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, ஏலக்காய்த்தூள் கால் தேக்கரண்டி, உலர்ந்த கொப்பரைத் துருவல் 25 கிராம், உப்பு ஒரு சிட்டிகை.

இன்னொரு முட்டையும் வேண்டும். வெள்ளை உள்ளே தடவ, மஞ்சள் மேலே பூச. தூத்துக்குடி மக்ரூன் போடுகிறவர்களுக்கு வெள்ளை தீர்ந்து மஞ்சள் மிஞ்சும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. முட்டை சேர்க்காதவர்கள் மாவில் முட்டைக்குப் பதிலாக 45 மில்லி பால் ஊற்றலாம். மேலே பூசவும் பாலே போதும், நிறம் மட்டும் சற்று வெளுப்பாக இருக்கும்.

மே மாதத்தில் ஈஸ்டை 4 கிராமாகக் குறையுங்கள். பிரித்த பொட்டலத்தை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியில் வைத்தால் நம் வெயிலில் சீக்கிரமே சத்தில்லாமல் போகும். சந்தேகமாக இருந்தால் வெதுவெதுப்பான பாலில் ஒரு சிட்டிகை சீனியோடு கொஞ்சம் ஈஸ்டைத் தூவிப் பாருங்கள். 10 நிமிடத்தில் நுரை கட்டாத ஈஸ்டைத் தூக்கி எறிந்துவிடலாம்.

பூரணம் கிளறுவது

இதை முதலில் செய்துவிடுங்கள். முழுதாக ஆறிய பிறகுதான் மாவில் தடவ முடியும்.

கருப்பட்டியைத் தட்டி உடைத்து 60 மில்லி தண்ணீரில் சிறு தீயில் கரைய விடுங்கள். கரைந்ததும் வடிகட்டி, வேறு கனமான பாத்திரத்துக்கு மாற்றி மறுபடி கொதிக்க விடுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் நுரை அடங்கிக் குமிழ்கள் பெரிதாக வரும். ஒற்றைக் கம்பிப் பதத்துக்குப் போய்விடக் கூடாது. போனால் ஆறியதும் இறுகி, தடவும்போது மாவைக் கிழிக்கும். அதற்குக் கொஞ்சம் முன்பே, 10 கிராம் மைதாவை 30 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கெட்டியாகிப் பாத்திரத்தின் ஓரம் விட்டு வரும். இறக்கி, சுக்கு, ஏலம், உப்பு, தனியாக வாசம் வர வறுத்த கொப்பரை எல்லாவற்றையும் கலந்துவிடுங்கள்.

ஆறியபின் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும். அதேசமயம் கரண்டிப் பின்புறத்தால் தேய்த்தால் வழுக்கிப் பரவ வேண்டும். இறுகிப்போனால் ஒரு தேக்கரண்டி வெந்நீர். தளர்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அடுப்பில். "வாசத்துக்கு இருக்கட்டும்" என்று நெய்யோ வெண்ணெயோ ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள். கொழுப்பு பட்ட மாவு தன்னோடு தான் ஒட்டாது. பரோட்டா ஏடு ஏடாகப் பிரிந்து வருவது எண்ணெயால்தானே? பரோட்டாவுக்கு அது அழகு, இதற்குக் கேடு.

சுக்கையும் ஏலத்தையும் மாவிலேயே கலந்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாசம் பரவிச் சுருளுக்கும் மாவுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். பட்டைத்தூள் என்றால் இன்னும் கூடாது. அது ஈஸ்டின் வேகத்தையே அடக்கும்.

பால்கூழ்

20 கிராம் மைதாவை 100 மில்லி பச்சைப்பாலில் கரைத்து, சிறு தீயில் துழாவிக்கொண்டே இருங்கள். ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸில் மாவுச்சத்து வெந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். கரண்டி போன தடம் கூழில் ஒரு நொடி நின்றால் இறக்கிவிடலாம். கைக்குழந்தைக்குக் காய்ச்சும் ராகிக் கூழின் பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏடு கட்டாமல் மூடி ஆறவிடுங்கள்.

ஜப்பானிலும் தைவானிலும் பால் பிரெட்டுக்குச் செய்கிற வேலை இது. சாதாரண மாவில் இவ்வளவு ஈரத்தைச் சேர்த்தால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். வெந்த கூழ் அந்த ஈரத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வதால் மாவும் கையாள வரும், பிரெட்டும் மறுநாள் காய்ந்துபோகாது. பேக்கரியில் மென்மைக்காகப் போடும் பவுடர் எதுவும் வீட்டில் தேவைப்படாததற்கு இந்தக் கூழ்தான் காரணம்.

பிசைவது

ஆறிய கூழ், 90 மில்லி பால், முட்டை, சீனி ஆகியவற்றைக் கலந்து, மைதா, பால் பவுடர், ஈஸ்ட் சேர்த்து, காய்ந்த மாவு தெரியாத அளவுக்குக் கிளறி மூடிவையுங்கள். 20 நிமிடம் அதைத் தொட வேண்டாம். மாவு ஈரத்தைக் குடித்து, குளூட்டன் தானாகவே பாதி வேலையை முடித்துவிடும். பிறகு உப்பைத் தூவிப் பிசையத் தொடங்குங்கள்.

கோடையில் பால் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வரட்டும். டப்பாவில் இருக்கும் மைதாவே 33, 34 டிகிரியில் இருக்கும். பிசைகிற உராய்வில் இன்னும் ஏறும். பிசைந்து முடிக்கும்போது மாவு 27 டிகிரிக்குள் இருந்தால் நிதானமாகப் பொங்கும், ருசியும் கூடும். மாவு கையில் சுடுவது போலத் தெரிந்தால் மூடி 10 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தொடருங்கள். குற்றாலத்தில் சாரல் விழுகிற ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அறைச்சூட்டுப் பாலே சரி.

கிரானைட் மேடையில் போட்டு, உள்ளங்கையால் தள்ளி மடித்துத் தள்ளி மடித்துப் பிசையுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒட்டும். மைதாவை அள்ளித் தூவ வேண்டாம், பிரெட் கல்லாகிவிடும். ஒட்டினால் ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கி மேடையில் ஓங்கி அடித்து மடியுங்கள், மாஸ்டர் அடிப்பது போல. மிகவும் வறண்டு விரிசல் விட்டால் மட்டும் கைவசம் உள்ள 20 மில்லிப் பாலைத் தேக்கரண்டி தேக்கரண்டியாகச் சேர்க்கலாம். மாவு வழவழப்பானபின் அறைச்சூட்டில் இளகிய வெண்ணெயை மூன்று தடவையாகச் சேருங்கள். வெண்ணெய் போட்டதும் மாவு பிரிந்து குழம்பிப்போன மாதிரி தெரியும். பயப்பட வேண்டாம், பிசையப் பிசைய மறுபடி சேர்ந்து பட்டுப்போல் ஆகும். கையால் மொத்தம் 15 முதல் 20 நிமிடம். டேபிள் டாப் கிரைண்டரில் வரும் மாவு பிசையும் கருவி சப்பாத்திக்குப் போதும். இதற்கு அதில் தொடங்கினாலும் கடைசி ஐந்து நிமிடம் கைதான் வேண்டியிருக்கும்.

எலுமிச்சம்பழ அளவு மாவைக் கிள்ளி, நான்கு பக்கமும் மெல்ல இழுங்கள். கிழியாமல் மறுபக்கம் விரல் நிழலாகத் தெரிகிற அளவுக்கு விரிந்தால் போதும். ரம்பப் பல்போல் கிழிந்தால் இன்னும் பிசைய வேண்டும்.

முதல் பொங்கல்

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் போட்டு ஈரத்துணியால் மூடுங்கள். இரண்டு மடங்காக வேண்டும். சித்திரை, வைகாசியில் 40 நிமிடத்திலேயே ஆகிவிடும்; ஐப்பசி மழையிலும் மார்கழிக் காலையிலும் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி வரை போகும். கடிகாரத்தை நம்பி வெளியே போய்விடாதீர்கள். விரலில் மாவு தொட்டு நடுவில் குத்தினால் குழி அப்படியே நிற்க வேண்டும். உடனே மூடிக்கொண்டால் நேரம் போதவில்லை. குத்தியதும் மொத்தமும் சுருங்கிப் புளித்த வாடை வந்தால் தாண்டிவிட்டது. தாண்டிய மாவை ஒருமுறை அழுத்தி மடித்து, சுருள் வேண்டாமென்று பன்னாக உருட்டிச் சுட்டுவிடலாம். பன் பட்டர் ஜாமுக்கு ஆயிற்று.

மாலை வேலைக்காகக் காலையிலேயே பிசைய விரும்பினால், பாதி பொங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். குளிர்ந்த மாவைத் தேய்ப்பது எளிது, பூரணமும் வழியாது. கோடையில் இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

தேய்த்துச் சுருட்டுவது

காற்றை மெல்ல அழுத்தி வெளியேற்றி, மாவை 10 நிமிடம் ஓய விடுங்கள். ஓய்வில்லாத மாவு தேய்க்கத் தேய்க்கப் பின்வாங்கும். பிறகு டின் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக 22 செ.மீ. அகலமும், 40 செ.மீ. நீளமும் வருகிற நீள்சதுரமாகத் தேயுங்கள். ஓரங்கள் தடித்து நடு மெலியாமல், எங்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும். மேடையில் தூவிய மைதா மாவின் மேல்பக்கம் ஒட்டியிருந்தால் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மடிப்புக்குள் காய்ந்த மாவு இருந்தாலும் ஒட்டாது.

முட்டை வெள்ளையை நுரைக்காமல் லேசாக அடித்து, மிக மெல்லிதாகப் பூசுங்கள். குளமாக நிற்கக் கூடாது. வெள்ளைக்கரு சூட்டில் உறைந்து மாவையும் பூரணத்தையும் பிடித்துக்கொள்ளும் பசையாகிவிடும். அதன்மேல் ஆறிய பூரணத்தைக் கரண்டியால் பரப்புங்கள். பக்க ஓரங்களில் ஒரு செ.மீ., கடைசி முனையில் 3 செ.மீ. வெறுமனே விடுங்கள். பூரணம் மிஞ்சினால் மிஞ்சட்டும். நிறைய வைத்தால் நிறைய ருசி என்கிற கணக்கு சோமாசிக்குச் சரியாக இருக்கலாம். இதில் நிறைய வைத்தால் நிறையப் பொந்துதான்.

குறுகிய பக்கத்திலிருந்து சுருட்டுங்கள். முதல் சுற்று இறுக்கமாக, நடுவில் ஓட்டை விழாதபடி. அடுத்த ஒவ்வொரு சுற்றுக்கும் சுருளைத் தன் பக்கம் லேசாக இழுத்து இறுக்கிக்கொண்டே போங்கள். பாய் சுற்றுவது போல வெறுமனே உருட்டிவிட்டால் உள்ளே காற்று அடைபடும். ஆனால் தோல் விறைக்கிற அளவுக்கு இறுக்கினால், பொங்கும்போது பக்கவாட்டில் கிழியும். வெறுமனே விட்ட முனையை ஈரம் தொட்டுக் கிள்ளி ஒட்டுங்கள். இரு பக்க வாய்களையும் கிள்ளி மூடுங்கள். ஒட்டிய தையல் அடியில் வரும்படி, பட்டர் பேப்பர் விரித்த டின்னில் வையுங்கள். பட்டர் பேப்பர் கட்டாயம். கசிந்த கருப்பட்டி டின்னில் பிடித்தால் மறுநாள்வரை ஊறவைக்க நேரிடும்.

இப்போது நீளமான மூங்கில் குச்சியால் சுருளின் மேலிருந்து அடிவரை ஐந்தாறு இடத்தில் குத்துங்கள். அடைபட்ட காற்றுக்கும் நீராவிக்கும் அது வழி. இந்தச் சின்ன வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

எவ்வளவு செய்தும் பொந்து விழுகிறதென்றால் வேறு வழி இருக்கிறது. சுருட்டிய உருளையை நீளவாக்கில் இரண்டாகக் கீறி, கீறிய முகம் மேலே தெரிய இரண்டையும் சடைபோல் முறுக்கி டின்னில் வையுங்கள். நீராவி திறந்த வழியாகவே போய்விடும், பொந்துக்கு இடமில்லை. துண்டில் சுழிக்குப் பதிலாகப் பளிங்குக்கல் கோலம் வரும். மேலே தெரியும் கருப்பட்டி சீக்கிரம் கருகும் என்பதால் அலுமினியத்தாளை முன்கூட்டியே மூட வேண்டும்.

இரண்டாம் பொங்கல், பிறகு அடுப்பு

டின்னை மூடி வையுங்கள். கோடையில் 30 முதல் 40 நிமிடம், மற்ற நாளில் ஒரு மணி நேரம்வரை. மாவு டின் விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கிடை எழும்பினால் போதும். இங்கே பேராசைப்பட்டு இன்னும் பொங்கட்டும் என்று விட்டால் சுருள்கள் தளர்ந்து, அடுப்பில் மேல்பாகம் மட்டும் எழும்பி, நடுவில் பிரிந்துவிடும். சற்றுக் குறைவாகவே அடுப்புக்குள் போகட்டும்.

கடைசி 15 நிமிடத்தில் ஓடிஜியை, அதாவது பிரெட் சுடுகிற மின்சார அடுப்பை, 180 டிகிரிக்குச் சூடேற்றுங்கள். மேலும் கீழும் இரண்டு கம்பியும் எரியட்டும். மின்விசிறி ஓடுகிற அடுப்பென்றால் 165 போதும். முட்டை மஞ்சளை ஒரு மேசைக்கரண்டி பாலில் அடித்து மேலே மெதுவாகப் பூசி, கீழ்த்தட்டில் வையுங்கள். சிறிய ஓடிஜியில் பிரெட் எழும்பி மேல்கம்பியைத் தொட்டுவிடும், அதனால்தான் கீழ்த்தட்டு. 20 நிமிடத்தில் நல்ல நிறம் வந்திருக்கும். அப்போது அலுமினியத்தாளை மேலே தளர்வாக மூடி, இன்னும் 18 முதல் 22 நிமிடம் வேகவிடுங்கள்.

வெந்ததா என்று குச்சியால் குத்திப் பார்ப்பது இதற்கு ஒத்துவராது. கருப்பட்டி எப்படியும் ஒட்டிக்கொண்டு வரும். உணவு வெப்பமானி இருந்தால் நடுவில் 90 முதல் 93 டிகிரி காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பட்டர் பேப்பரைப் பிடித்துத் தூக்கிப் பக்கச் சுவரைப் பாருங்கள். அங்கும் பொன்னிறம் ஏறி, அழுத்தினால் உறுதியாக இருக்க வேண்டும். பக்கம் வெளுத்து அமுங்கினால் இன்னும் ஐந்து நிமிடம்.

நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். 10, 15 நிமிடத்தில் வந்துவிட்டால் உள்ளிருக்கும் சூடே காப்பாற்றும், வந்தபின் போன நேரத்தைக் கூட்டிச் சுடுங்கள். கரண்ட் போவது அன்றாட வழக்கமாக உள்ள இடமென்றால், டின்னில் வைத்த மாவை ஃபிரிட்ஜில் நிறுத்தி, கரண்ட் நிலைத்தபின் சுடுவது உத்தமம்.

ஓடிஜி இல்லாதவர்கள் பெரிய குக்கரிலோ கனமான அண்டாவிலோ உப்புப் பரப்பி, மேலே ஒரு தாங்கி வைத்துச் சுடலாம். குக்கர் என்றால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். நீள டின் உள்ளே போகாது. சுருளை வட்டமாகத் துண்டு போட்டு வட்ட டின்னில் அடுக்குங்கள். மேல்பக்கம் சிவக்காது. தோசைக்கல்லில் ஒரு நிமிடம் கவிழ்த்து எடுத்தால் நிறம் வரும்.

ஆறவைத்தல், வெட்டுதல், வைத்தல்

அடுப்பிலிருந்து எடுத்ததும் 10 நிமிடம் டின்னிலேயே இருக்கட்டும், பிறகு கம்பித்தட்டுக்கு மாற்றுங்கள். டின்னிலேயே ஆறினால் அடி வேர்த்துச் சொதசொதவென்று ஆகும். குறைந்தது ஒன்றரை மணி நேரம் கழித்துதான் கத்தி வைக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்தப் பகுதிதான் மொத்தச் செய்முறையிலும் கடினமானது. சூடாக வெட்டினால் கருப்பட்டி இழுபட்டு, சுருளின் கோடு கலைந்து, மாவு கத்தியில் அப்பிக்கொள்ளும். பல்வைத்த கத்தியால் அழுத்தாமல் அறுக்க வேண்டும்.

சாயங்காலக் காப்பியோடு சாப்பிடுவதென்றால், காப்பியில் இனிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டிக் காப்பியும் கருப்பட்டி பிரெட்டும் ஒன்றையொன்று அமுக்கிவிடும். காரம் விரும்புகிறவர்கள் பூரணத்துக்குப் பதிலாகக் கறிவேப்பிலைப் பொடியும் மிளகும் தூவிச் சுருட்டலாம். இட்லிப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவ ஆசை வரும். எண்ணெய் விஷயத்தில் மேலே சொன்னதே இதற்கும். பொடியை முட்டை வெள்ளை பூசிய மாவில் உலர்வாகவே தூவுங்கள்.

ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் மாவுச்சத்து சீக்கிரம் இறுகி, அறையில் இருப்பதைவிட வேகமாக பிரெட் வறண்டுபோகும். காற்றுப்புகாத டப்பாவில் வெளியில் இரண்டு நாள் தாங்கும். மழை நாளில் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு அதிகம் என்பதால் இரண்டாம் நாளே முடித்துவிடுங்கள். மிஞ்சும் என்று தெரிந்தால் அன்றைக்கே துண்டு போட்டு, துண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து ஃபிரீசரில் அடுக்குங்கள். வேண்டும்போது உருக விடாமல் நேராகத் தோசைக்கல்லில் போட்டு, சிறு தீயில் இரண்டு பக்கமும் நெய் தொட்டுச் சுட்டெடுக்கலாம். தீ கூடினால் மாவு சூடாகும் முன்பே ஓரத்துக் கருப்பட்டி கல்லில் பிடித்துவிடும்.